மலைப்பாதையில் ஓடும் காருக்கு மாற்றுப் பேட்டரி: கூடுதல் மின்சுமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கார் வைத்திருப்பவர்கள் மழையும் மூடுபனியும் தொடங்கும் மாதங்களில் வண்டிக்கு ஏதேனும் ஒரு மின்கருவியைக் கூடுதலாகப் பொருத்துவது வழக்கம். சிலர் ஃபாக் லாம்ப் போடுகிறார்கள், சிலர் கேமரா வைக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவர்கள் சிறிய ஃப்ரிட்ஜ் வரைக்கும் போய்விடுகிறார்கள். அடுத்த பனிக்காலத்தில் ஒரு காலை வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போதுதான் பேட்டரியைப் பற்றிய யோசனை வருகிறது. குன்னூரில் வண்டி வைத்துக்கொண்டு இந்தத் தொல்லைகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், அக்கம்பக்கத்தார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபாக் லாம்பும் ஆம்ப்ளிஃபையரும் புதிதாகப் பொருத்தியிருக்கிறேன். பேட்டரியையும் பெரிதாக மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு, வைப்பர், பாட்டு எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது பேட்டரி அன்று, நம்மூரில் பலரும் இன்னும் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர். பேட்டரியின் முதல் வேலை செல்ஃப் மோட்டாரைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிப்பது. அதன் பிறகு, ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாத நேரத்தில் மட்டும் அது கைகொடுக்கிறது.

ஆகவே நீங்கள் பொருத்திய கருவி வண்டி ஓடும்போது மட்டும் வேலை செய்கிறதா, எஞ்சினை அணைத்த பிறகும் மின்சாரம் இழுக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓடும்போது மட்டும் இழுக்கும் கருவி என்றால் அது ஆல்டர்னேட்டரின் பொறுப்பு. அதற்காகப் பேட்டரியை எவ்வளவு பெரிதாக்கினாலும், வரவு குறைவாகவும் செலவு அதிகமாகவும் உள்ள வீட்டில் பெரிய உண்டியலை வாங்கி வைத்ததைப் போலத்தான் ஆகும். எஞ்சின் அணைந்த பிறகும் இழுக்கும் கருவி என்றால் மட்டுமே பேட்டரியின் கொள்ளளவு உண்மையான கேள்வியாகிறது.

என் வண்டியின் மொத்தச் சுமையை எப்படிக் கணக்கிடுவது?

கருவியின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவை 12ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு என்றால் 110 வாட், அதாவது 9 ஆம்பியர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது கடையில் ஒரு மணி நேரம் பேசுவதைவிடப் பயன் தரும்.

ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். மழையும் மூடுபனியுமான ஓர் இரவில் அது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. எரிபொருள் பம்பு, இக்னிஷன், எஞ்சின் கணினி ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர், ஹெட்லைட்டுக்கு 9, பின்விளக்கு முதலிய சிறு விளக்குகளுக்கு 3, வைப்பருக்கு 4, கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க முழு வேகத்தில் வைத்த புளோயருக்கு 12, பின்கண்ணாடிச் சூடேற்றிக்கு 12. இதுவே 50 ஆம்பியர் ஆகிவிட்டது. இதன் மேல் ஹாலஜன் ஃபாக் லாம்ப் 9, சராசரி ஒலியில் பாடும் ஆம்ப்ளிஃபையர் 10, போன் சார்ஜர்கள் 3 என்று சேர்த்தால் மொத்தம் 72.

இத்தகைய கார்களில் ஆல்டர்னேட்டரின் திறன் 60 முதல் 80 ஆம்பியர் வரை இருப்பதைப் பரவலாகக் காணலாம். இரண்டாவது கியரில் எஞ்சின் நன்றாகச் சுழன்றபடி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த அளவு கிடைத்துவிடும் என்பதால், மலையேறுவது பேட்டரியைத் தின்னும் என்று பலர் நினைப்பது சரியன்று. சிக்கல் வண்டி நிற்கும் இடத்தில்தான் வருகிறது. மே மாதத்து மலர்க்காட்சி நாட்களில் வரிசையாக வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாத மெதுவான ஓட்டத்தில் இருக்கும், அப்போது ஆல்டர்னேட்டர் தன் திறனில் பாதியைத் தந்தாலே பெரிது. 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டரிலிருந்து 35 வருகிறது, செலவு 72 ஆகிறது என்றால், மீதி 37 ஆம்பியரையும் பேட்டரிதான் தர வேண்டும். ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தால் செலவாவது ஓர் ஆம்பியர்-மணி. அரை மணி நேரம் இப்படி நின்றால் 18 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் அது பாதி.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஹாலஜன் ஃபாக் லாம்புக்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு போட்டால் 9 ஆம்பியர் 3 ஆகக் குறைகிறது. பின்கண்ணாடி தெளிந்தவுடன் சூடேற்றியை அணைத்தால் 12 மிச்சம். புளோயரை ஒரு படி குறைத்தால் இன்னும் 5 வரை மிச்சமாகும். பற்றாக்குறை 37லிருந்து 14க்கு இறங்கிவிடுகிறது, பேட்டரியைத் தொடவே இல்லை. கூடுதல் விளக்கு போட நினைப்பவர்கள் முதல் செலவை எல்.இ.டி. விளக்குக்கே செய்யட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கூடுதல் கருவிகள் உட்பட எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து வோல்ட் அளவைப் பாருங்கள். 13.5க்கு மேல் நின்றால் கவலையில்லை. 13க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி செலவாகிறது என்று பொருள். இப்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுழற்சிக்குக் கொண்டுபோனால் அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் ஐடிலில் மட்டுமே குறை. ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட், அல்லது இணைப்புகளில் பழுது இருக்கிறது, புதுப் பேட்டரி அதைத் தீர்க்காது. புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் சேமிப்பதற்காக எஞ்சின் கணினியே வேண்டுமென்றே மின்னழுத்தத்தைக் குறைத்து வைப்பதுண்டு. ஹெட்லைட் போட்டவுடன் அவற்றில் அளவு உயர்ந்துவிடும்.

வண்டி நிற்கும்போது இழுக்கும் கருவிகள் எவ்வளவு கெடுதல் செய்யும்?

நினைப்பதைவிட அதிகம், ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரியாமல் இழுப்பவை. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய காரே கடிகாரம், பூட்டு, அலாரம் ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி ஆகும். வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டியைத் திங்கட்கிழமை மாலை எடுக்கிறீர்கள் என்றால் மூன்று நாட்களில் மொத்தம் 25 ஆம்பியர்-மணி போயிருக்கும். 35இல் எஞ்சியிருப்பது 10 மட்டுமே.

தங்கும் விடுதிகளுக்காக வண்டி ஓட்டுபவர்கள் வைக்கும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும் நேரத்தில் 4 ஆம்பியர் வரை இழுத்தாலும், விட்டுவிட்டு ஓடுவதால் சராசரி 1 முதல் 1.5 ஆம்பியர்தான் வரும். இருந்தாலும் ஓர் இரவுக்கு அது 12 முதல் 18 ஆம்பியர்-மணி. லேப்டாப்புக்காக வைக்கும் சிறிய இன்வெர்ட்டரில் 150 வாட் எடுத்தால், இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் போகிறது. இரண்டு மணி நேரத்தில் 30 ஆம்பியர்-மணி.

கேமராவுக்கு, பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்புக் கருவி கிடைக்கிறது. ஊட்டிக் குளிரில் அதை 12.4இல் வைப்பதே நல்லது. அதற்கான காரணம் அடுத்த விடையில் இருக்கிறது.

மலையின் உயரமும் குளிரும் பேட்டரியைப் பாதிக்குமா?

உயரம் பாதிக்காது, குளிர் பாதிக்கும். பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை, வெப்பம் குறையக் குறைய அது மந்தமாகிறது. உறைபனி விழும் 0 டிகிரி காலையில், 25 டிகிரியில் கிடைக்கும் தொடக்க ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் கேட்கிறது. தருவது குறைந்து, கேட்பது கூடுகிற இந்த நேரத்தில்தான் முந்தைய இரவு கேமரா தின்ற 3 ஆம்பியர்-மணி கணக்கில் வந்து நிற்கிறது. முழுதாக ஏறிய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. பாதியில் இருக்கும் பழைய பேட்டரி அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஸ்டார்ட் ஆகும், ஊட்டிக்கு அருகே உறைபனி விழும் தலைகுந்தாவில் ஆகாது.

குளிருக்கு இன்னொரு முகமும் உண்டு. குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் ஏற்றுக்கொள்ளும். ஊட்டியில் சேரிங் கிராஸிலிருந்து மார்க்கெட்டுக்குப் போய் வருகிற இரண்டு கிலோமீட்டரில் அது நிறையவே நிறையாது. நாள்கணக்கில் இப்படி அரைகுறையாக இருந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, கொள்ளளவே நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

குளிர் நமக்குச் செய்யும் நன்மையையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெப்பம்தான், 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் சமவெளியைவிட இங்கே ஒரு நல்ல பேட்டரி நீண்ட நாள் உழைக்க வாய்ப்பு உண்டு. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அரைகுறைச் சார்ஜும் தளர்ந்த கிளாம்பும்தான்.

நிறுத்தும் இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் தாவரவியல் பூங்காப் புல்வெளியும் வெள்ளையாகக் கிடக்கும் காலையில், மேலே சரிவில் இருக்கும் வீடுகளில் உறைபனியே இருக்காது. திறந்த வானத்தின் கீழே நிறுத்துவதைவிட ஒரு தகரக் கூரையின் கீழ் நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியும்.

பேட்டரியின் மேல் இருக்கும் எண்களில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று அளவுகள் உண்டு, மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை.

ஆம்பியர்-மணி என்பது கொள்ளளவு. அது 20 மணி நேரக் கணக்கில் அளக்கப்படுவது. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி 1.75 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும். அதற்காக 35 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. வேகமாக இழுக்கும்போது மொத்தமாகக் கிடைப்பதே குறைந்துவிடும். நிற்கும்போது ஓடும் கேமராவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பார்க்க வேண்டியது இந்த எண்.

சி.சி.ஏ. என்று அச்சிட்டிருப்பது குளிரில் ஸ்டார்ட் செய்யும் ஆற்றல். உறைநிலைக்கு 18 டிகிரி கீழே, 30 விநாடிகளுக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதை அது சொல்கிறது. நீலகிரியில் அவ்வளவு குளிர் வராது என்றாலும், இரண்டு பேட்டரிகளில் எது காலையில் வலுவாகச் சுழற்றும் என்று ஒப்பிட இந்த எண்ணே நம்பகமானது. டீசல் வண்டிக்காரர்கள் இதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அழுத்தம் அதிகமான எஞ்சினைச் சுழற்றுவதோடு, ஸ்டார்ட் செய்யும் முன் குளோ பிளக்குகளைச் சூடாக்கவும் சில விநாடிகளுக்குப் பேட்டரிதான் பெரும் மின்னோட்டம் தர வேண்டும்.

மூன்றாவது, ரிசர்வ் கெப்பாசிட்டி. 25 ஆம்பியர் சுமையில் 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே அது. ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்த இரவில் கல்லட்டிச் சரிவின் 36 வளைவுகளையும் விளக்கோடு கடக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை இந்த எண்ணிலிருந்து ஊகிக்கலாம்.

இவை தவிர, 38பி20எல் போன்ற ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் திறன் தரம். அடுத்த எழுத்து அகல உயரத்தைக் குறிக்கும், பி என்றால் அகலம் 129 மில்லிமீட்டர், டி என்றால் 173. அடுத்த இரண்டு இலக்கங்கள் ஏறத்தாழச் சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். அது மாறினால் ஒயர் எட்டாது. இழுத்து எட்டவைப்பவர்கள் சீக்கிரமே வருந்துவார்கள்.

பெரிய பேட்டரி போட்டால் ஆல்டர்னேட்டர் எரிந்துவிடும் என்கிறார்களே?

ஒன்றிரண்டு படி பெரிதாக்குவதால் எரியாது. ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தித்தான் தருகிறது, பேட்டரி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முழுவதும் இறங்கிப்போன பெரிய பேட்டரியை ஆல்டர்னேட்டரை வைத்தே ஏற்ற முயல்வதுதான் ஆபத்து. அப்போது அது நீண்ட நேரம் முழுத் திறனில் ஓடிச் சூடேறும். அப்படி இறங்கிய பேட்டரியை வெளியில் சார்ஜரில் போட்டு ஏற்றிய பிறகே வண்டியில் மாட்டுங்கள்.

35 ஆம்பியர்-மணி இருந்த இடத்தில் 45 பொருத்தலாமா?

பேட்டரி தன் தட்டில் சரியாக உட்கார்ந்து, கம்பெனிக் கிளாம்பு அதை அழுத்திப் பிடித்தால் பொருத்தலாம். இல்லையென்றால் கூடாது. இதில் எனக்கு அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பி20 அளவுக்குப் பதிலாக பி24 போட்டுக்கொடுத்தார்கள். நீளம் 4 சென்டிமீட்டர் கூடுதல். கிளாம்பு எட்டவில்லை என்பதால் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, "ஒண்ணும் ஆகாதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பி வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து இரவில் இறங்கும்போது ஒரு வளைவில் ஹெட்லைட் கண்சிமிட்டியது. அடுத்த வளைவிலும் சிமிட்டியது. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தால், கயிறு தளர்ந்து பேட்டரி இரண்டு விரல் அளவு நகர்ந்திருந்தது. பாசிட்டிவ் முனையின் ரப்பர் மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. பானெட்டின் உட்புறத்தில், முனைக்கு நேர் மேலே, பெயிண்ட் கருகிக் கடுகளவு கரும்புள்ளி ஒன்று விழுந்திருந்தது. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பாசிட்டிவ் முனை பானெட்டில் நன்றாகப் பட்டிருந்தால் வண்டியே தீப்பிடித்திருக்கும்.

வளைவுக்கு வளைவு ஆடும் பேட்டரியில் உள்ளே தகடுகளும் உதிரும். ஆகவே கடைக்குப் போகும்முன் தட்டின் நீள அகல உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பழைய பேட்டரியை மாட்டியிருக்கும் நிலையிலேயே ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலுக்கே உயர்ந்த ரகத்தில் பெரிய பேட்டரி வந்திருந்தால், அதன் தட்டையும் கிளாம்பையும் வாங்கி மாட்டுவதே முறையான வழி.

சாதாரணப் பேட்டரி, இ.எஃப்.பி., ஏ.ஜி.எம். இவற்றில் எது?

இ.எஃப்.பி. என்பது சாதாரணத் திரவப் பேட்டரியையே வலுவாக்கிச் செய்தது, ஏ.ஜி.எம். என்பது ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த வகை. சிக்னலில் எஞ்சின் தானே அணைந்து தானே ஸ்டார்ட் ஆகும் வசதி உள்ள வண்டியில் எது வந்ததோ, அதற்குக் குறையாததைத்தான் போட வேண்டும். இ.எஃப்.பி. வந்த இடத்தில் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம்., ஏ.ஜி.எம். வந்த இடத்தில் ஏ.ஜி.எம். மட்டுமே. சாதாரணப் பேட்டரி அங்கே சில மாதங்களில் களைத்துவிடும்.

அந்த வசதி இல்லாத, ஆனால் அடிக்கடி நின்று கருவிகள் இழுக்கும் வண்டிக்கு இ.எஃப்.பி. நல்ல நடுவழி என்பது என் கருத்து. அரைகுறையாக இறங்கி ஏறுவதை அது சாதாரணப் பேட்டரியைவிட நன்றாகத் தாங்குகிறது, சார்ஜையும் வேகமாக ஏற்கிறது. ஏ.ஜி.எம். இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம், எஞ்சின் சூட்டுக்கு அருகே வைப்பது அதற்கு ஏற்றதன்று, ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தமும் அதற்குப் பொருந்த வேண்டும்.

நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி பொருத்திய வண்டிகளில், புதுப் பேட்டரி போட்டதை ஸ்கேனர் கொண்டு கணினியில் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் அது பழைய பேட்டரி என்று எண்ணியே சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டியில் வைக்கலாமா?

ஸ்டார்ட் செய்வதற்கு வேண்டாம். அதன் தகடுகள் தடித்தவை. மெதுவாக, நீண்ட நேரம் தருவதற்காகச் செய்யப்பட்டவை. செல்ஃப் மோட்டார் கேட்கும் வேகத்தில் அவற்றால் தர முடியாது. ஃப்ரிட்ஜும் இன்வெர்ட்டரும் தினமும் வேண்டும் என்றால், ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை அப்படியே விட்டுவிட்டு, ஆழமாக இறங்கி ஏறக்கூடிய இரண்டாவது பேட்டரி ஒன்றைத் தனியாக வைப்பதே சரி. இரண்டையும் நேராக இணைக்கக் கூடாது. எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் அளவுக்கு வந்தால் மட்டும் இணைத்து, அணைந்தால் பிரித்துவிடும் ரிலே ஒன்று நடுவே வேண்டும். மின்னழுத்தத்தைக் கணினி ஏற்றி இறக்கும் வண்டிகளில் அந்த ரிலே சரியாக வேலை செய்யாது. அவற்றுக்கு, வரும் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் இரண்டாவது பேட்டரிக்கு வேண்டிய அளவில் மாற்றித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும்.

இரண்டாவது பேட்டரியாக லித்தியம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஜனவரிக் காலையில் கேம்ப் முடித்துக் கிளம்பும் வண்டியில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. குளிர்ப் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், பேட்டரியை வண்டியின் உட்புறத்தில் வையுங்கள்.

கூடுதல் கருவிக்கு ஒயர் இழுப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபாக் லாம்பை ஹெட்லைட் ஒயரிலேயே முடிச்சுப் போட்டுவிடுவது பரவலான தவறு. பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ், சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவே ரிலே என்பதே முறை. 110 வாட் விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போதும். சென்சார் உள்ள வண்டியில் கருவியின் எர்த்தை, அதாவது மின்சாரம் திரும்பும் நெகட்டிவ் ஒயரை, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கொடுக்காமல் பாடியில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவு சென்சாரின் கணக்கில் வராது.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைந்தே கிடக்கும் வண்டிகளில் எர்த் பட்டை துருப்பிடித்திருப்பதையும், முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதையும் அடிக்கடி பார்க்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே மீட்டர் அரை வோல்ட் காட்டினால் குற்றம் எர்த்தில்தான். வெந்நீர் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, வாசலின் தடவியதும் சரியாகிப் போகிற பேட்டரிகள் எத்தனையோ.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் அல்லவா?

பழைய கார்களில் செய்தோம். இன்றைய வண்டியில் எரிபொருள் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் இல்லாவிட்டால் எவ்வளவு உருட்டினாலும் எஞ்சின் பிடிக்காது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும் என்பதால், மலைச்சாலையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்ய இன்னொரு காரைத் தேடுங்கள். பேருந்து, லாரி ஆகியவற்றில் பெரும்பாலும் 24 வோல்ட் இருக்கும், அவற்றிலிருந்து எடுத்தால் உங்கள் வண்டியின் கணினி போய்விடும்.

கடையில் வாங்கும்போது?

தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்ததை ஏற்காதீர்கள். மீட்டர் வைத்து 12.5க்குக் கீழே காட்டினால் சார்ஜ் செய்து தரச் சொல்லாமல் வேறு ஒன்றைக் கேளுங்கள். உத்தரவாதக் காலத்தில் முதல் பகுதியில் இலவச மாற்று, பின்பகுதியில் விகிதக் கணக்கில் தள்ளுபடி என்று பிரிந்திருக்கும். இலவசப் பகுதி எத்தனை மாதம் என்பதுதான் ஒப்பிட வேண்டிய எண். அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம் மலையின் ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் அதில் கரைந்திருக்கும் தாதுக்கள் தகடுகளுக்கு ஆகாது.

நானே மாற்றலாமா? பழைய பேட்டரியை என்ன செய்வது?

மாற்றலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் பொறி பறக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கிளாம்பை மாட்டிய பிறகு பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, அது வண்டியோடு சேர்ந்து ஆடுகிறதே தவிரத் தனியாக ஆடவில்லை என்று உறுதி செய்த பிறகே பானெட்டை மூடுங்கள்.

பழையதைப் புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்துத் தள்ளுபடி பெற்றுக்கொள்ளுங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. காயலான் கடையில் உடைத்தால் ஈயமும் ஆசிட்டும் சரிவோடு இறங்கி ஓடையில் கலக்கும். அந்த ஓடைக்குக் கீழே கேரட் தோட்டங்களும், அவற்றுக்கும் கீழே நாம் குடிக்கும் தண்ணீர்த் தொட்டிகளும் இருக்கின்றன.